போகலாம்னு எழுதியிருக்கு, நிறுத்தலாம்னு எழுதியிருக்கா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட்ல ராஜா ஹீரோ இல்ல, போரும் இல்ல. ஒரு சந்துதான் ஹீரோ. ரெண்டு வீட்டுக்கும் பொதுவா, பத்தடி அகலத்துல உள்ள போற சந்து. அதுல பக்கத்து வீட்டுக்காரர் காரை நிறுத்திடுறார். உங்களால பைக்கை வெளிய எடுக்க முடியல. கேட்டா, "அஞ்சே நிமிஷம் தம்பி, இதோ எடுத்துடுறேன்"னு சொல்றார். அந்த அஞ்சு நிமிஷம் மூணு வருஷமா ஓடிட்டிருக்கு.

வேளச்சேரியில, கே.கே.நகர்ல, மதுரையில, கோவையில, எங்க கேட்டாலும் இதே சண்டைதான். நாம இதை மனுஷங்களோட குணம் சம்பந்தப்பட்ட பிரச்சினையா பார்க்கிறோம். "அந்தாளு மோசம்", "அந்தம்மா திமிர்" அப்படின்னு. எனக்கு வேற மாதிரி தோணுது. போறது வேற, நிக்கிறது வேற. நம்ம பத்திரங்கள்ல போறதுக்கு வார்த்தை இருக்கு, நிக்கிறதுக்கு இல்ல. அந்த ஒரு வார்த்தை ஏன் இல்லாமப் போச்சுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

இதை ஒரு ஊர்ல இருந்து ஆரம்பிக்கலாம். புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில். அறந்தாங்கி பக்கம். பழைய பேர் திருப்பெருந்துறை. மாணிக்கவாசகர் கட்டின கோயில்னு சொல்லப்படுற ஆத்மநாதர் கோயில் இங்கதான் இருக்கு. பாண்டிய ராஜா குதிரை வாங்கிட்டு வரச் சொல்லிக் காசு கொடுத்து அனுப்புறார், மாணிக்கவாசகர் அந்தக் காசுல கோயில் கட்டிடுறார். அதாவது, இந்த ஊர்க் கதையே வண்டி வாங்கக் கொடுத்த பட்ஜெட்லதான் தொடங்குது.

ஆனா நமக்கு இன்னைக்கு வேண்டியது அதே கோயிலோட தலபுராணத்துல இருக்கிற இன்னொரு கதை. அங்க 300 அந்தணர்கள் இருந்தாங்க, அவங்க நிலத்தை ஒரு குறுநிலத் தலைவன் பிடுங்கிக்கிட்டான். பாண்டியன்கிட்ட முறையிட்டா, "சாட்சி என்ன?"ன்னு கேட்கிறான். அப்போ அவங்க பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துட்டிருந்த ஒரு கிழ வாத்தியார் சபைக்கு வந்து அவங்களுக்காக வாதாடுறார். அவர்தான் சிவன். நிலத்தைப் பத்தி இவன் சொல்றது பொய், தோண்டிப் பாருங்க, தண்ணி வரும்னு அவர் சொல்றார். தோண்டினா தண்ணி வருது, நிலம் திரும்பக் கிடைக்குது.

இது நடந்ததா இல்லையாங்கிறது நம்ம கேள்வி இல்ல. சாமியே வந்தாலும் நில வழக்குல ஆதாரம் காட்டித்தான் ஜெயிக்கணும்னு அந்தக் கதையைச் சொன்னவங்க நினைச்சிருக்காங்க பாருங்க, அது முக்கியம். "எங்க தாத்தா காலத்துல இருந்து இப்படித்தான்"ங்கிறது அன்னைக்கும் பத்தல.

சோழர் காலத்துல இதுக்கு இன்னும் தெளிவான ஏற்பாடு இருந்துச்சு. ஒரு ஊரைத் தானமாக் கொடுக்கும்போது ஒரு பெண் யானையை எல்லை சுத்தி நடக்க விட்டு, அது போன தடத்துல கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பாங்க. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டுல இந்த நடைமுறை இருக்கு. அந்தச் செப்பேடு இப்போ லெய்டன் செப்பேடுன்னு பிரபலம். உத்திரமேரூர் மாதிரி ஊர்கள்ல வயலுக்கு முகவரியே பாதையையும் வாய்க்காலையும் வச்சுத்தான் எழுதினாங்க. இந்த வதிக்குக் கிழக்கு, இந்த வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனாவது கண்ணாறு அப்படின்னு. வதின்னா வழி. அங்க வழி இல்லாம ஒரு வயலோட முகவரியையே எழுத முடியாது.

இப்போ அங்கிருந்து எங்க வீட்டுப் பத்திரத்துக்கு வர்றேன். எங்க அப்பா ஊர் ஆவுடையார்கோவில் பக்கம்தான். அப்பாவோட அப்பாவை நாங்க ஐயான்னுதான் கூப்பிடுவோம். ஐயா வாங்கின மனையோட கிரயப் பத்திரம் எங்க சித்தப்பாகிட்ட இருக்கு. மனைக்குள்ளேயே கிழக்குப் பக்கமா ஒரு சந்து. நிலம் எங்களோடது. ஆனா பின்னாடி வீட்டுக்காரங்களுக்கு அதுல வழிநடை பாத்தியமும் வண்டி ஓட்டிப் போற பாத்தியமும் உண்டுன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான். நிறுத்துறதைப் பத்தி ஒரு எழுத்து இல்ல.

ஏன் இல்ல? எழுதினவருக்கு மறதியா? இல்லைங்க. அன்னைக்கு வண்டின்னா மாட்டு வண்டி. வீட்டுக்கு வந்ததும் மாட்டை அவுத்துத் தொழுவத்துல கட்டணும், தண்ணி காட்டணும், வைக்கோல் போடணும். இதெல்லாம் அவனவன் கொல்லையில நடக்கிற வேலை. மாடு நிக்கிற இடத்துலதான் வண்டியும் நிக்கும். அவுத்த வண்டி வழியில கிடந்தாலும், ரெண்டு பேர் சேர்ந்து நுகத்தடியைத் தூக்கித் தள்ளி விட்டுடலாம். கார் அப்படி இல்ல. பூட்டிட்டு ஓனர் மாடியில தூங்கப் போயிட்டா, அது அங்கேயே நிக்கிற ஒரு சுவர் மாதிரிதான்.

பாதையை வகை பிரிக்கிறது ரொம்பப் பழைய யோசனை. ரோமானியச் சட்டத்துல மூணு வகை இருந்துச்சு. இடெர்னா ஆள் போற வழி. ஆக்டுஸ்னா மாடு ஓட்டிட்டுப் போற வழி. வியான்னா முழுப் பாதை. கி.மு. 450 வாக்கில் வந்த பன்னிரண்டு பலகைச் சட்டத்துல இந்த வியாவுக்கு அளவே உண்டு. நேரா போற இடத்துல 8 அடி, வளைவுல 16 அடி. வண்டி திரும்பணும் இல்லையா, அதனால ரெண்டு மடங்கு. இன்னைக்கு நம்ம லேஅவுட் போடுறவங்க கவனிக்க வேண்டிய விஷயம்.

இந்த யோசனையெல்லாம் இங்கிலாந்து வழியா சுத்தி நம்ம ஊருக்கு வந்தது 1882ல. இந்திய வசதியுரிமைச் சட்டம். எல்லாரும் ஈஸ்மென்ட் ஆக்ட்னுதான் சொல்வாங்க. இதோட வரைவுக்குப் பின்னாடி இருந்தவர் விட்லி ஸ்டோக்ஸ், அயர்லாந்துக்காரர். பழைய ஐரிஷ் மொழி ஆராய்ச்சியில பெரிய ஆள். இந்தச் சட்டம் 1882 ஜூலை 1 அன்னைக்கு மெட்ராஸ் மாகாணம், மத்திய மாகாணம், குடகு இந்த மூணு இடத்துலதான் முதல்ல அமலுக்கு வந்துச்சு. பம்பாய்க்கே 1891லதான் போச்சு.

இங்க ஒரு சின்ன சுவாரஸ்யம். புதுக்கோட்டை 1948 வரைக்கும் தனி சமஸ்தானம். ஆனா அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கமெல்லாம் அப்போ தஞ்சாவூர் ஜில்லா, அதாவது பிரிட்டிஷ் மெட்ராஸ். 1974ல புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தப்போதான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்துச்சு. அதனால எங்க ஊர்ச் சந்துக்கு இந்தச் சட்டம் முதல் நாள்ல இருந்தே பொருந்தும்.

இந்தச் சட்டத்துல நாலு விஷயம் மட்டும் சொல்றேன், போதும்.

ஒண்ணு, பிரிவு 28. ஒரு வகை வழி உரிமைக்குள்ள இன்னொரு வகை வழி உரிமை தானா அடங்காது. நடக்க உரிமை இருக்குன்னா வண்டி ஓட்ட உரிமை இருக்குன்னு அர்த்தம் இல்ல.

ரெண்டு, பிரிவு 27. சந்து யாரோட நிலமோ அவங்க அதைப் பயன்படுத்திக்கலாம். ஆனா மத்தவங்களோட வழி உரிமையைக் குறைக்கிற மாதிரி எதுவும் செய்யக் கூடாது. "என் சொந்த நிலம்தானே"ன்னு எங்க சித்தப்பா அங்க டிராக்டரைக் குறுக்க நிறுத்தினாலும் தப்புதான்.

மூணு, பிரிவு 36. வழி உரிமை உள்ளவர், அந்த வழியில இருக்கிற தடையைத் தானே அகற்றக் கூடாது. டயர்ல காத்தைப் பிடுங்குறது, ஆள் கூட்டிட்டு வந்து காரைத் தூக்கி வைக்கிறது இதெல்லாம் சினிமாவுல நல்லா இருக்கும். சட்டம் உங்களை சிவில் கோர்ட்டுக்குத்தான் போகச் சொல்லுது.

நாலு, பிரிவு 15. அமைதியா, வெளிப்படையா, உரிமையா, இடைவிடாம 20 வருஷம் ஒருத்தர் வழியைப் பயன்படுத்தினா, அது அவருக்கு உரிமையாவே ஆகிடலாம். அரசு நிலம்னா 30 வருஷம்.

சரி, 20 வருஷம் காரை நிறுத்தினா நிறுத்துற உரிமையும் வந்துடுமா? இந்தக் கேள்வியில இங்கிலாந்து நீதிபதிகளே ரொம்பக் குழம்பியிருக்காங்க. 2001ல ஒரு வழக்கு. வேலை நாள்ல காலை எட்டரையில இருந்து மாலை ஆறு மணி வரைக்கும் ஒரு சின்ன இடத்துல ஆறு கார் நிறுத்துற உரிமை கேட்டாங்க. நீதிமன்றம் முடியாதுன்னுடுச்சு. அப்படி நிறுத்தினா நிலத்துக்காரருக்கு அந்த நிலத்துல என்னதான் மிச்சம்னு கேட்டாங்க.

2007ல நேரெதிரா ஒரு தீர்ப்பு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகள். கடலோரம், செங்குத்தான சரிவுக்குக் கீழே ஒரு வீடு. கார் வீடு வரைக்கும் போகாது, மேலேயே நிறுத்திட்டு இறங்கி நடக்கணும். 1973ல எழுதின பத்திரத்துல போக வர உரிமை மட்டும்தான் இருக்கு. பிரபுக்கள் சபை வரைக்கும் போன இந்த வழக்குல, இந்த இடத்துல நிறுத்த முடியலைன்னா போற உரிமைக்கே அர்த்தம் இல்ல, அதனால நிறுத்துறதும் அதுல சேர்த்தின்னு சொன்னாங்க. அதாவது, அந்த இடத்தோட அமைப்பைப் பார்த்து முடிவு பண்ணினாங்க. நம்ம கிழ வாத்தியார் தோண்டிப் பார்க்கச் சொன்ன மாதிரியேதான்.

அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க, "இது எனக்கு எதுக்கு?"ன்னு கேட்கலாம். உங்க கேஸ் வேற வகை. அங்க டிரைவ்வே யாரோ ஒருத்தரோட நிலம் இல்ல, எல்லாருக்கும் பொது. மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் 2010லயே, தூண்களுக்கு நடுவுல இருக்கிற பார்க்கிங்கை பில்டர் தனியா விக்க முடியாது, அது பொது இடம்னு சொல்லிடுச்சு. கூட்டுச் சொத்துல ஒருத்தர் பயன்படுத்துறது இன்னொருத்தரை வெளியே தள்ளக் கூடாது. அதனால முதல்ல உங்க பத்திரத்தைப் பாருங்க. சந்து உங்களோடதா, அவங்களோடதா, ரெண்டு பேருக்கும் பொதுவா? பாதிச் சண்டை இது தெரியாமலே நடக்குது.

எங்க சந்துக்கு வர்றேன். பின்னாடி வீட்டு அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து திரும்பி வந்து கார் வாங்கினார். அவர் வீட்டு வாசல்ல திண்ணையும் படியும் இருக்கிறதால கார் உள்ள ஏறாது. ராத்திரி சந்துலதான் நிக்கும். சித்தப்பா ஒண்ணும் கேட்கல. "ஒரே தெரு. அவங்க இல்லாம நம்ம வீட்டு விசேஷம் நடக்குமா? வாயைத் திறந்தா பகைதான்"னு விட்டுட்டார். அப்புறம் ஒரு ராத்திரி அப்பத்தாவுக்கு மூச்சுத் திணறல். எங்க வீட்டுக்கு முன்பக்கத் தெருவுல வாய்க்கால் வேலை நடந்துட்டிருந்ததால சந்து வழியாத்தான் வண்டி வரணும். 108 வந்து சந்து முனையில நின்னுடுச்சு. கார் குறுக்கே நிக்குது. ஸ்ட்ரெச்சரைச் சுவர் ஓரமா சாய்ச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. அப்பத்தா பிழைச்சு வந்துட்டாங்க. ஆனா அந்த ரெண்டு வீடும் எட்டு மாசம் பேசிக்கல.

சித்தப்பாவுக்கு ரெண்டே வழிதான் தெரிஞ்சுது. சும்மா இருக்கிறது, இல்லைன்னா கேஸ். நான் அவர்கிட்ட சட்டத்துல இருக்கிற மூணாவது வழியைக் காட்டினேன். அனுமதி. சட்டத்துல அதுக்கு லைசென்ஸ்னு பேர், பிரிவு 52. பல பேர் நினைக்கிறதுக்கு நேர்மாறா இருக்கும் இது. முனகிக்கிட்டே 20 வருஷம் சும்மா இருந்தா, எதிராளிக்கு வாதாட இடம் கிடைக்குது. "நிறுத்திக்கோங்க, ஆனா இது உரிமை இல்ல, நான் கொடுக்கிற அனுமதி"ன்னு எழுதிக் கொடுத்துட்டா, பிரிவு 15 சொல்ற அந்த 20 வருஷக் கணக்கே தொடங்காது. நல்ல மனசோட விட்டுக்கொடுக்கிறவர் தன் நிலத்தை இழக்கணும்னு சட்டம் சொல்லல. விட்டுக்கொடுக்கிறதை வெளிப்படையாச் சொல்லச் சொல்லுது.

ஊர்ப் பெரியவர் ஒருத்தர் முன்னாடி ரெண்டு வீட்டாரும் உட்கார்ந்தாங்க. ஒரு பக்கம்தான் எழுதினாங்க. ராத்திரி ஒன்பது மணியில இருந்து காலை ஆறு மணி வரைக்கும் நிறுத்தலாம். மேற்குச் சுவர் ஒட்டித்தான் நிறுத்தணும். இன்னொரு சாவி எங்க வீட்டு ஆணியில தொங்கணும். வீட்டுல யாருக்காவது உடம்பு முடியலைன்னா எந்த நேரமானாலும் வண்டியை எடுக்கணும். இது அனுமதி மட்டும்தான், பாத்தியம் இல்ல. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. சாவி விஷயத்துல அண்ணனுக்கு முதல்ல கொஞ்சம் வருத்தம். "என் வண்டிச் சாவி அடுத்த வீட்டுலயா?"ன்னு கேட்டார். அப்பத்தாதான், "அப்ப என் உசுரு உன் வீட்டுலயா தம்பி?"ன்னு கேட்டாங்க. சாவி வந்துடுச்சு.

இது எல்லா ஊருக்கும் மருந்துன்னு சொல்லல. சில பேர்கிட்ட பேச முடியாது, கோர்ட்தான் வழின்னு ஆகும். அதுக்கு ஒரு வக்கீலைப் பாருங்க, பாட்காஸ்ட்டை நம்பி வழக்குப் போடாதீங்க. ஆனா அதுக்கு முன்னாடி அப்பா அலமாரியில இருக்கிற பத்திரத்தை வெளிய எடுத்து, எல்லை விவரம் எழுதின பக்கத்தை ஒரு தடவை நிதானமாப் படிங்க. வழிநடைன்னு இருக்கா, வண்டிப் பாதைன்னு இருக்கா, பொதுச் சந்துன்னு இருக்கா பாருங்க. என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.