மான்சல் பாதை: ரயில் போன வழியில் நடை

இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில், வை ஆற்றின் சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்லும் மான்சல் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுடையது. மலைப்பகுதியில் இருந்தும் இதில் மூச்சு வாங்கும் ஏற்றம் கிடையாது. காரணம், இது ரயிலுக்காகப் போடப்பட்ட தடம். நீராவி எஞ்சினால் செங்குத்தான சரிவில் ஏற முடியாது. எனவே மிட்லண்ட் ரயில்வே குன்றுகளைக் குடைந்து, பள்ளங்களின் மேல் பாலம் எழுப்பித் தடத்தைக் கூடியவரை சமமாக்கியது. 1863இல் ரயில் ஓடத் தொடங்கியது.

இந்தத் தடத்துக்காக எழுப்பிய ஹெட்ஸ்டோன் பாலம் பள்ளத்தாக்கின் அழகைக் கெடுத்துவிட்டதாக எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொதித்தார். பக்ஸ்டனில் உள்ளவர்கள் அரை மணியில் பேக்வெல் போய்ச் சேர்வதற்காகவா இவ்வளவு அழிவு என்பது அவருடைய கேள்வி. கோபம் நியாயமானதே. ஆனால் இன்று அதே பாலம் சட்டப் பாதுகாப்பு பெற்ற சின்னம். பலர் வருவதே அதைப் படம் பிடிக்கத்தான்.

1968இல் இத்தடம் மூடப்பட்டது. பிறகு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா நிர்வாகம் அதை ஏற்று, 1981இல் நடைபாதையாகத் திறந்தது. ஆனால் பாதுகாப்பு கருதி நீளமான சுரங்கங்கள் மூடியே கிடந்தன. ஒவ்வொன்றும் சுமார் 400 மீட்டர் நீளமுள்ள அவற்றைத் தவிர்க்க, நடப்பவர்கள் கரடுமுரடான ஒற்றையடிப் பாதைகளில் சுற்றிப்போக வேண்டியிருந்தது. சுரங்கங்களைச் சீரமைத்து விளக்குகள் பொருத்தி 2011இல் திறந்த பிறகே சக்கர நாற்காலியும் சைக்கிளும் தடையின்றிச் செல்ல முடிந்தது.