'நண்பகல் நேரத்து மயக்கம்' பிடிச்சிருந்ததா? அடுத்து பார்க்க வேண்டிய சர்ரியல் படங்கள் எவை?

வேளாங்கண்ணியில் இருந்து கேரளா திரும்பும் பஸ். மதியத் தூக்கம் கலைந்த ஜேம்ஸ் நடுவழியில் இறங்கி, முன்பின் தெரியாத தமிழ்க் கிராமத்துக்குள் நடக்கிறார். ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கே காணாமல்போன சுந்தரமாகவே மாறிவிடுகிறார். ஏன்? லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கத்தில் மம்மூட்டி நடித்த படம், அந்தக் காரணத்தைச் சொல்லவே இல்லை.

இதே மாதிரி வேற படம் இருக்கா என்றால், நிறைய இருக்கு. ஆனா எதில் தொடங்குறோம் என்பது முக்கியம். நான் டேவிட் லிஞ்ச்சின் முதல் படமான 'இரேசர்ஹெட்'டில் (1977) ஆரம்பிச்சு, அரை மணி நேரத்தில் நிறுத்திட்டேன். நமக்கு அறிவு பத்தலையோன்னு ரொம்ப நாள் அந்தப் பக்கமே போகல.

சர்ரியல்னா என்ன?

கனவில் வீட்டுக் கதவைத் திறந்தால் பள்ளிக்கூடம் இருக்கும். கனவுக்குள் இருக்கும்வரை அது நமக்கு விநோதமாகவே தெரியாது. அந்த முறையில் காட்சிகளை அடுக்குவதுதான் சர்ரியல் சினிமா. 1920-களில் பாரிஸில் கவிஞர்களும் ஓவியர்களும் தொடங்கிய இயக்கம் இது.

1929-ல் லூயிஸ் புனுவலும் ஓவியர் சால்வடார் டாலியும் தாங்கள் கண்ட கனவுகளைச் சொல்லிக்கொண்டு, அதிலிருந்து 'அன் ஷியான் ஆந்தலு' என்ற குறும்படத்தை எடுத்தார்கள். டாலியின் கனவில் கை முழுக்க எறும்பு. புனுவலின் கனவில், கண்ணைக் கீறும் சவரக்கத்தி மாதிரி நிலவைக் கீறும் மேகம். காரணம் சொல்லி விளக்க முடிகிற எதுவும் படத்தில் இருக்கக் கூடாது என்பதே அவர்கள் வைத்துக்கொண்ட விதி. முதல் திரையிடலில் ரசிகர்கள் கலாட்டா செய்தால் எறிவதற்குப் பாக்கெட்டில் கற்களோடு திரைக்குப் பின்னால் நின்றதாகப் புனுவல் சுயசரிதையில் சொல்கிறார். வந்ததோ கைதட்டல்! (கண்ணை வெட்டும் காட்சி தொடக்கத்திலேயே வரும், ஜாக்கிரதை. அது கன்றுக்குட்டியின் கண்.)

எதில் தொடங்கலாம்?

மாயா டெரனின் 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' (1943). 14 நிமிடம்தான். ஒரு பெண், ஒரு வீடு, ஒரு சாவி, ஒரு கத்தி. மதியத் தூக்கத்தில் இவையே திரும்பத் திரும்ப வரும். பிடிச்சிருந்தா, புனுவலின் 'தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' (1962). விருந்துக்கு வந்த பணக்காரர்களால் அறையை விட்டு வெளியேற முடியாது. கதவு திறந்துதான் இருக்கும். சிரிப்பும் வரும்.

பிறகு லிஞ்ச்சின் 'முல்ஹாலண்ட் டிரைவ்' (2001). முதலில் அமெரிக்காவின் ஏபிசி டிவிக்கு சீரியலாக எடுக்கப்பட்டு, நிராகரிக்கப்பட்டது. பிரான்ஸில் இருந்து வந்த பணத்தில் மேலும் காட்சிகள் எடுத்து லிஞ்ச் அதைப் படமாக்கினார். அது கேன்ஸில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியது. 2016-ல் விமர்சகர்களிடம் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் 21-ம் நூற்றாண்டின் சிறந்த படமாக முதலிடம் பிடித்தது. முடிந்ததும் உடனே 'எக்ஸ்பிளெய்ன்ட்' வீடியோவைத் தேடாதீங்க. எந்தக் காட்சி உங்களைப் பயமுறுத்தியது, எங்கே அழுகை வந்தது என்று யோசிச்சுட்டு இரண்டாவது முறை பாருங்க. பெரியவர்களுக்கான படம், குடும்பத்தோடு வேண்டாம்.

'நண்பகல்' படத்தின் அமைதிதான் பிடிச்சதுன்னா, நேரா தாய்லாந்தின் 'அங்கிள் பூன்மீ'க்குப் (2010) போகலாம். இறந்துபோன மனைவி சாப்பாட்டு மேசையில் வந்து உட்காருவார். பேச்சு சாதாரணமாகத் தொடரும்.

இன்னொன்று, போனில் படம் பார்ப்பவர்களை லிஞ்ச் திட்டும் வீடியோ ரொம்பப் பிரபலம். டிவி இருந்தா டிவியில் பாருங்க. இல்லையென்றால் ஹெட்போனாவது போட்டுக்கோங்க. லிஞ்ச் படத்தில் பாதி பயம் சத்தத்தில்தான் இருக்கு.