சைக்கிளோட்டிக்குப் பரீட்சை வைக்காத குடாநாடு

சைக்கிள் ஓட்டுவதற்கு முறையான பயிற்சி வேண்டுமா என்று யாழ்ப்பாணத்தவர் ஒருவரிடம் கேட்டால், அவர் முதலில் சிரிப்பார். நடப்பதற்குப் பயிற்சி வேண்டுமா என்று கேட்பதைப் போலவே அது அவருக்குப் படும். ஆனால் வீதி விபத்துச் செய்திகளை ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழகிய கைக்கு அந்தச் சிரிப்பு எளிதில் வருவதில்லை. கேள்விக்கு விடை காணக் குடாநாட்டின் சைக்கிள் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியுள்ளது.

இலங்கையில் மோட்டார் வாகனம் செலுத்துபவர், 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, தேர்வில் சித்தியடைந்து சாரதி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். சைக்கிளோட்டிக்கு அப்படி எந்தத் தேர்வும் இல்லை. உள்ளூராட்சி மன்றங்கள் சைக்கிளுக்கு ஆண்டு வரி அறவிட்டன. இரவில் விளக்கில்லாமல் ஓடியவரைப் பொலிஸார் மறித்து வழக்கு எழுதினர். அரசு வண்டியைக் கணக்கில் எடுத்தது. ஓட்டுபவருக்கு ஓட்டத் தெரியுமா என்று ஒருபோதும் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை. றலியும் ஹம்பரும் வந்த காலத்திலிருந்து லுமாலா, ஏசியா சைக்கிள்களின் காலம் வரை எழுதப்படாத ஒரு பாடத்திட்டம் இங்கே நடைமுறையில் இருந்தது. ஆசனத்தில் ஏறி அமர உயரம் போதாத சிறுவன், பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்துப் பெடலை மிதிப்பான். அண்ணனோ மாமாவோ கரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடி வருவார். பயிற்சிக் களம் வீட்டு ஒழுங்கை. அடுத்தது கோயிலின் வெளிவீதி. அங்கே விழாமல் ஓடினால்தான் கடைக்குப் போக அனுமதி கிடைக்கும். பிரதான வீதிக்கு வருவதற்குள் பிள்ளை பலமுறை விழுந்து எழும்பியிருக்கும். முழங்காற் தழும்பே அதன் சான்றிதழ்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, பெற்றோலுக்குத் தடை வந்தது. ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கியபடி ஓடின. மற்ற எல்லாவற்றையும் சைக்கிள் சுமந்தது. விறகு, வாழைக்குலை, நெல் மூடை, நோயாளி, கர்ப்பிணி எல்லாரும் எல்லாமும் அதன் கரியரில் போயினர். பற்றறி கிடைக்காத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். கிளாலிக் கடனீரேரியைக் கடந்த படகுகளிலும் ஆட்களுக்கு இணையாகச் சைக்கிள்கள் ஏறின.

அதே 1991, 1992 ஆம் ஆண்டுகளில், பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்பித்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அங்கே அது முகாம் அமைத்து நடத்திய பயிற்சி. இங்கே ஆட்சியருமில்லை, முகாமுமில்லை, முற்றுகைதான் ஆசிரியர். பாடசாலைக்கும் ரியூட்டரிக்கும் போன மாணவியரும், சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் போன தாய்மாரும் தேவையின் நிமித்தம் ஓடினார்கள்.

இந்த ஆண்டுகளை நினைத்துத்தான், "நாங்கள் யாரிடம் பயின்றோம், எங்களுக்கு என்ன ஆனது?" என்று பலர் இன்றும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அன்றைய வீதியை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அன்று வீதியின் வேகம் மனிதக் காலின் வேகமாக இருந்தது. முன்னால் போனவரும் பின்னால் வந்தவரும் எதிரே வந்தவரும் சைக்கிளில்தான் வந்தார்கள். மோதினாலும் சில்லு வளைந்தது, கை உரசியது, பெரும்பாலும் அவ்வளவே. வேகம் இருமடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதி. அந்த விதி நம்மைப் பதம் பார்க்க அன்று வாகனங்கள் இருக்கவில்லை. நமது திறமை என்று நாம் நினைத்ததில் பெரும் பங்கு வெறும் வீதியின் கொடை.

அன்றைய ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, ஓட்ட இடமில்லாத நெரிசலில் இலட்சக்கணக்கானோர் மூட்டைகள் கட்டிய சைக்கிள்களை உருட்டிச் சென்றனர். இராணுவக் கட்டுப்பாடு வந்தபின் காவலரண் தோறும் இறங்கி உருட்ட வேண்டியிருந்தது. 1996 செப்ரெம்பர் 7 ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசாமி செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். வீதி ஒழுங்குகளை எவ்வளவு கற்றிருந்தாலும் அந்த ஆபத்துக்கு அவை காப்பல்ல.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது வாகனங்கள் வரத் தொடங்கின. 2006 ஓகஸ்ற்றில் மூடப்பட்டு, 2009 இல் போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. அதன் பின்னரே வீதியின் முகம் முற்றாக மாறியது. பிரதான வீதிகள் அகலித்து கார்ப்பெட் இடப்பட்டன. லீசிங்கில் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் பெருகின. மணல் ஏற்றிய ரிப்பர்களும் சொகுசு பஸ்களும் அதே வீதியில் ஓடின. கட்டடங்கள் செறிந்த இடங்களில் மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது சட்டம். அதை மதிப்பவர் எத்தனை பேர் என்பதை வீதியோரம் நின்று பார்த்தாலே தெரியும்.

இன்னொரு மாற்றத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. 2014 ஒக்ரோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கு ரயில் மீண்டும் வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் சொந்த ஊரில் ரயிலைக் கண்டதே இல்லை. தண்டவாளமற்ற பாதையைக் குறுக்கறுத்து ஓடிப் பழகிய காலுக்குக் கடவையில் நிற்கத் தெரியவில்லை. பாதுகாப்பற்ற கடவைகளில் உயிர்கள் போயின. மூத்தவர்களிடமிருந்து இளையவர்களுக்கு இறங்கி வந்த அந்தப் பாடத்திட்டத்தில் ரயிலும் இல்லை, ரிப்பரும் இல்லை.

ஆகவே பயிற்சி வேண்டும் என்பதே என் துணிபு. ஆனால் அதோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து சாட்சி. அங்கே 1932 முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் பரீட்சை நடக்கிறது. இருந்தும் கார்கள் பெருகிய 1971 இல் சுமார் 3,300 பேர் வீதிகளில் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே பெற்றோர் இயக்கம் கண்டார்கள். எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அரசின் மனத்தை மாற்றியது. சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் அமைந்தன. குடியிருப்புகளில் கார்களின் வேகம் குறைக்கப்பட்டது. பரீட்சையை அவர்கள் கைவிடவில்லை. பரீட்சையில் தேறிய பிள்ளை உயிரோடு வீடு திரும்பக்கூடிய வீதியையும் அமைத்தார்கள்.

நமக்கும் இரண்டும் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மைதானத்திலும் பின்னர் மெய்யான வீதியிலும் கற்பிக்கலாம்: வலப்பக்கம் திரும்புமுன் தோளுக்கு மேலாகப் பின்னே பார்ப்பது, கையால் சைகை காட்டுவது, பார வாகனத்தின் இடப்பக்கத்தில் ஒட்டிச் செல்லாதிருப்பது, ரயில் கடவையில் இறங்கி இருபுறமும் பார்ப்பது. சைக்கிளை முந்தும்போது எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதைச் சாரதிப் பரீட்சையில் கண்டிப்பாகச் சோதிக்கலாம். வீதி அமைப்போர், பாடசாலை வாசல்களில் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டையும் ஓரத்தில் சைக்கிளுக்கான இடத்தையும் வரைபடத்திலேயே சேர்க்கலாம்.

2022 எரிபொருள் நெருக்கடியில் நாடே சைக்கிளைத் தேடியது. நெருக்கடி தணிந்ததும் பலர் அதை மறந்தனர். மாணவர்களும் கூலித் தொழிலாளரும் முதியவர்களும் மறக்கவில்லை. அவர்களுக்கு வேறு வாகனமில்லை. செல்லுக்கும் குண்டுவீச்சுக்கும் தப்பிய ஒரு முதியவர் சந்தைக்குப் போகும் வழியில் ரிப்பரில் அடிபட்டு இறக்கும்போது, "சைக்கிளோட்டியின் கவனயீனம்" என்று ஒரு வரியில் செய்தியை முடித்துவிடுகிறோம். கற்பிக்க வேண்டியதைக் கற்பிக்காமலும், அமைக்க வேண்டியதை அமைக்காமலும் விட்டவர்களின் கவனயீனமும் அந்தச் செய்தியில் இடம்பெற வேண்டும்.