விடுபட்ட ஒரு சொல்

பசார் மாலாமில் ஐந்து ரிங்கிட்டுக்கு வாங்கிய டிவிடி அது. 'ஷரேட்', 1963. படம் மங்கல், வசனம் இரைச்சல். திருட்டுப் பிரதி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். அரை மணி நேரத்தில் கேட்டார்: "இந்த ஆளுக்கு வயசு என்னா இருக்கும்? அந்தப் பொண்ணு அவருக்கு மக மாதிரில்ல இருக்கு!"

சரியான கேள்வி. பாரிஸில் படப்பிடிப்பு நடந்தபோது கேரி கிராண்டுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்ரி ஹெப்பர்ன் அவரைவிட 25 வயது இளையவர்.

இந்தப் படம் நட்சத்திரக் கவர்ச்சியால் ஓடியது என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்தக் கவர்ச்சிக்குப் பின்னால் ஒருவருடைய கூச்சம் இருக்கிறது. அம்மாவின் கேள்வி கிராண்டுக்கு முன்பே தோன்றியிருந்தது. இவ்வளவு இளம்பெண்ணைத் துரத்திக் காதலிக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. கதாசிரியர் பீட்டர் ஸ்டோன் எழுத்தை மாற்றினார். காதலில் முந்துவது அவள் என்றானது. அவர் நழுவுகிறார், தன் வயதைத் தானே சொல்லிக்காட்டுகிறார். அவள் விடுவதாயில்லை. அவர் தாடைக்குழியில் விரலை வைத்து, இங்கே எப்படி ஷேவ் பண்ணுவீங்க என்று விசாரிக்கிறாள்.

நாம் பார்த்து வளர்ந்த பல தமிழ்ப் படங்களிலும் நாயகி நாயகனைத் துரத்துவாள். அங்கே அது அவர் வயதை மறைக்கிற உத்தி. இங்கே வயது வெளிப்படையாகப் பேசப்படுகிறது.

அந்த மாற்றம் திகிலுக்கும் உதவியது. அவள் கணவன் கொல்லப்பட்டிருக்கிறான். இரண்டரை லட்சம் டாலரைக் காணோம். துணைக்கு வந்தவரோ அடிக்கடி பெயரை மாற்றுகிறார். அவர் துரத்தியிருந்தால் நாம் உடனே சந்தேகப்பட்டிருப்போம். அவளே தேடிப்போவதால் நமக்கு அவளை நினைத்துத்தான் பயம். காதலும் கொலையும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: இந்த ஆளை நம்பலாமா?

இனி என் டிவிடிக்கு வருகிறேன். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளியாகும் படத்தில் 'காப்பிரைட்' என்ற சொல்லோ, அதன் சுருக்கமோ, வட்டத்துக்குள் 'சி' என்ற குறியோ இருந்தாக வேண்டும். 'ஷரேட்' படத்தில் ஆண்டு இருந்தது, நிறுவனங்களின் பெயர் இருந்தது, எல்லா உரிமைகளும் தமதே என்ற அறிவிப்பும் இருந்தது. அந்த ஒரு சொல்லைக் காணோம். வெளியான அன்றே படம் அமெரிக்காவில் பொதுச்சொத்தாகிவிட்டது. அப்புறம் கையில் கிடைத்த தேய்ந்த பிரதியிலிருந்தெல்லாம் ஆளாளுக்கு நகல் போட்டு விற்றார்கள். என் மங்கல் டிவிடியும் அந்த வம்சத்தில் வந்ததாக இருக்கலாம். படத்தைக் கெடுத்ததும், எங்கெங்கோ கொண்டுசேர்த்ததும் ஒரே கவனக்குறைவுதான்.

'ஷரேட்'டுக்குப் பிறகு கிராண்ட் இரண்டே படங்களில் நடித்தார். 1966இல் வந்த கடைசிப் படத்தில் அவர் காதலர் இல்லை. இளம் ஜோடியைச் சேர்த்துவைக்கிற பெரியவர். அதோடு நடிப்பை விட்டுவிட்டார்.

போன வருஷம் சீரமைத்த பிரதி ஒன்றில் படத்தை மறுபடி பார்த்தேன். அவர் முகத்துச் சுருக்கங்கள் தெளிவாகத் தெரிந்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயசுதான். ஆனா அந்தாளு அத ஒளிக்கலயே."