இலண்டனில் ஒலித்த மலாயாவின் குரல்



தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கல் கொள்கையை எதிர்த்து உலக அரங்கில் எழுந்த குரல்களுள் நம் நாட்டின் குரலும் ஒன்று என்பதை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும்.

1860ஆம் ஆண்டு முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றோருள் தமிழர் பலர். நம் முன்னோரைப் போன்றே கப்பலேறியவர்கள் அவர்கள். அங்குள்ள இந்தியரின் நிலவுரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து 1946இல் இந்தியா ஐக்கிய நாட்டுச் சபையில் முறையிட்டது. ‘இஃது எங்கள் உள்நாட்டு விவகாரம்’ என்பதே தென்னாப்பிரிக்காவின் வாதம்.

21.3.1960 அன்று ஷார்ப்வில் நகரில் காவற்படையினர் சுட்டதில் கறுப்பின மக்கள் 69 பேர் மாண்டனர். அவ்வாண்டு மே மாதம் காமன்வெல்த் பிரதமர்கள் இலண்டனில் கூடினர். உறுப்பு நாடொன்றின் உள்விவகாரத்தை அங்குப் பேசுவதில்லை என்பது மரபு. விடுதலை பெற்று மூன்றாண்டும் நிறையாத மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அம்மரபைப் பொருட்படுத்தாது இனவொதுக்கலைக் கண்டித்தார். அதே ஆண்டில் மலாயா தென்னாப்பிரிக்கப் பொருள்களையும் புறக்கணித்தது.

குடியரசாக மாறிய பின்னரும் காமன்வெல்த்தில் நீடிக்க, 1961 மார்ச் மாநாட்டில் தென்னாப்பிரிக்கா இசைவு கோரியது. துங்கு, நேரு, கனடாப் பிரதமர் டீஃபன்பேக்கர் முதலியோர் இனவொதுக்கலைக் கடுமையாக எதிர்த்தனர். தென்னாப்பிரிக்கா கோரிக்கையை மீட்டுக்கொண்டு விலகியது.

இனவொதுக்கல் அன்றே ஒழிந்துவிடவில்லை. அனைவரும் வாக்களித்த 1994 தேர்தலுக்கு மேலும் 33 ஆண்டுகள் ஆயின. அதற்கான பெருவிலையைத் தந்தவர்கள் அந்நாட்டு மக்களே. ஆயினும், ‘உள்நாட்டு விவகாரம்’ என்னும் திரையை விலக்கிய கைகளுள் ஒரு சிறிய நாட்டின் கையும் இருந்தது. ‘சிறியவர் பேசி என்ன ஆகும்?’ என்று கேட்கும் மாணவனுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள்.