பிரம்பு போன இடத்தில்: தருமபுரிப் பள்ளிகளில் ஒழுங்கும் வெளியேற்றமும்

தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டபோதே மாணவரை அடிப்பது தடைக்குள்ளாகிவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் மன உளைச்சல் தருவதையும் சேர்த்து விலக்கியது. அடிக்கலாமா என்பது சட்டத்தளவில் முடிந்த வழக்கு. அடிக்காத ஆசிரியர் அடுத்து என்ன செய்கிறார் என்பதே இன்று ஆராயத்தக்கது. பிரம்பின் இடத்தில் மாணவரை வெளியே அனுப்பும் வழக்கம் வந்து அமர்ந்தால், தருமபுரி போன்ற மாவட்டத்தில் அதன் தீங்கு பிரம்பின் தீங்குக்குக் குறைந்ததல்ல என்பது என் வாதம்.

“அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, அதுவரை வகுப்புக்குள் வராதே” என்பது எல்லா ஊரிலும் கேட்கும் கட்டளைதான். ஆனால் தருமபுரியின் பென்னாகரம், அரூர்ப் பக்கத்துப் பெற்றோர் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளையால் அந்தக் கட்டளையை நிறைவேற்றவே முடியாது. பத்து நாள் பள்ளிக்கு வராத பையனை ஏதோ ஒரு வேலை இழுத்துக்கொள்ளும். பெண்பிள்ளை என்றால் வீட்டில் கல்யாணப் பேச்சு எழும். 2011 கணக்கெடுப்பில் 68.54 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தின் கடைசியில் நின்ற மாவட்டம் இது. எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. உரசல் மிகும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளுக்கு அந்தக் காப்பு இல்லை.

2023 மார்ச்சில் பாலக்கோடு வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் மாணவர்கள் மேசைகளை உடைத்த காணொளி பரவியது. சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். பொதுத் தேர்வு நெருங்கிய வேளை அது. இத்தகைய நிகழ்வில் உடைத்தவர்களையும், உட்கார இடம் இழந்தவர்களையும், தலைமையாசிரியரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசி, மேசையை அவர்கள் கையாலேயே செப்பனிடச் செய்வதே உண்மையான மாற்று. இதற்கு ஒரு கண்டிப்பான வரம்பு தேவை: செய்யும் வேலை செய்த சேதத்தைச் சரிசெய்வதாக மட்டுமே இருக்க வேண்டும். பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்த புகாரில் 2022இல் ஈரோடு மாவட்டத் தலைமையாசிரியை ஒருவர் கைதானார். சாதி புகுந்துவிட்டால் திருத்தம் என்ற பெயரிலேயே கொடுமை நடக்கும்.

நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், நிரப்ப வேண்டிய பதிவேடுகள். இதில் பேச நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். பொறுமையை அவர்களிடம் மட்டும் எதிர்பார்ப்பது அநீதி. கோபத்தில் இருக்கும் ஆசிரியர் பிள்ளையை அனுப்பிவைக்க அதே பள்ளியில் இன்னொரு ஆசிரியர் வேண்டும். அதற்குக் கால அட்டவணையில் ஒரு பாடவேளை வேண்டும். பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒருவர், ஊரில் இல்லாத பெற்றோருக்காக அந்தப் பேச்சில் வந்து அமரலாம்.

குற்றங்களில் பலவற்றை வகுப்பறை அமைப்பே உண்டாக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2007 முதல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளில் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் பாயில் அமர்ந்து அட்டைகளை எடுக்க எழுந்து நடந்தார்கள். அங்கே எழுந்து நடப்பது தவறாகவே கருதப்படவில்லை. ஆறாம் வகுப்பில் அதே நடை அடங்காமையாகிவிடுகிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் ஒழுங்குக்கான ஏற்பாடாகவே காண்கிறேன். பசித்த பிள்ளை பத்து மணிக்கு நிலைகொள்ளாமல் இருப்பதை எந்த அறிவுரையும் மாற்றாது.

வருகைப்பதிவு நாள்தோறும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏறுகிறது. ஒழுங்கு நடவடிக்கையாக வெளியே அனுப்பப்பட்ட ஒவ்வொரு மாணவரும் எத்தனையாவது நாள் திரும்பினார் என்பதை அங்கே தனியே குறித்து, மேலாண்மைக் குழுவின் முன் வைக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.