பொங்கல் டெஸ்ட்டும் பிங்க் பந்தும்

நடுவர் அவர்களே! எதிரணியில் எனக்காகவே காத்திருக்கும் நண்பர்களே! என் அணித் தோழர்களே! இந்தத் தில்லை நகரிலே, கேமராவுக்கும் ஒயருக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, பிள்ளைகளே!

"பகலிரவு டெஸ்ட் கிரிக்கெட்டால் ஆட்டத்துக்கு நன்மையா, பாதிப்பா?" இதுதான் தலைப்பு. நான் பாதிப்பே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தங்கை என்ன சொல்லிட்டுப் போனாங்க? "ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலே குடியிருந்துகிட்டு ராத்திரி ஆட்டத்தை எதிர்க்கலாமா? ரங்கநாதரே பகல் பத்து, இராப் பத்துன்னு ரெண்டு வேளையும் சேவை சாதிக்கிறாரே!" நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லாத்தானே இருந்தது!

ஆனால் தங்கச்சி, ஒண்ணை விட்டுட்டீங்க. பகல் பத்து என்றால் பத்து நாளும் நடக்கும். இராப் பத்து என்றால் அதுவும் பத்து நாளும் நடக்கும். மூணாம் நாள் சாயங்காலமே, "உற்சவம் முடிஞ்சுது, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று பட்டர் சொன்னதுண்டா? (சிரிப்பு, கைதட்டல்) நடுவர் அவர்களே, என் வழக்கே அதுதான்.

முதலில் இந்த இராத்திரி ஆட்டம் எப்படி வந்தது என்று பார்ப்போம். கிரிக்கெட்டைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரன் விளக்குப் போட்டு ஆடவில்லை. விளக்குப் போட்டது ஒரு டெலிவிஷன் முதலாளி. ஆஸ்திரேலியாவில் கெர்ரி பேக்கர் என்று ஒருவர். டெஸ்ட் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையைக் கேட்டார், வாரியம் கொடுக்கவில்லை. "நீ என்ன கொடுக்கிறது, நானே ஆட்டம் நடத்துறேன்" என்று 1977இல் உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் சம்பளம் பேசிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். பெரிய மைதானங்கள் கதவைச் சாத்தின. மனுஷன் மெல்போர்னில் ஒரு கால்பந்து மைதானத்தைப் பிடித்தார். அங்கே விளக்கு இருந்தது. வெள்ளைப் பந்தைக் கொண்டு வந்தார். 1978 நவம்பரில் சிட்னி மைதானத்தில் விளக்குப் போட்டபோது கூட்டம் தாங்காமல் கதவைத் திறந்தே விட்டார்கள். அடுத்த ஆண்டே வாரியம் அவரோடு சமாதானம். 1979 நவம்பர் 27ஆம் தேதி அதே சிட்னியில் முதல் அதிகாரபூர்வமான பகலிரவு ஒருநாள் போட்டி. நம் நாட்டுக்கு 1984 செப்டம்பரில் வந்தது, டெல்லி நேரு ஸ்டேடியத்தில், ஆஸ்திரேலியாவோடு.

ஒருநாள் ஆட்டத்துக்கு அது சரி. ஆபீஸ் விட்டு வந்தவன் பார்க்கலாம், குடும்பத்தோடு பார்க்கலாம். அதை நான் மறுக்கவில்லை. டெஸ்டுக்கு ஏன் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆச்சு? பந்துதான் காரணம். சிவப்புப் பந்து விளக்கு வெளிச்சத்தில் பழுப்பாத் தெரியும், புல்லும் பிட்சும் அதை விழுங்கிடும். வெள்ளைப் பந்தோ வெள்ளை வேட்டி மாதிரி. கட்டின அன்னைக்கு ஜோர். சாயங்காலம் பார்த்தா எந்த நிறம்னே சொல்ல முடியாது. (சிரிப்பு) டெஸ்டில் ஒரு பந்து 80 ஓவர் தாங்கணும். ஆட்டக்காரர் உடையும் வெள்ளை. ஆஸ்திரேலியாக்காரர்கள் 1990களின் நடுவில் உள்நாட்டுப் போட்டிகளில் மஞ்சள் பந்து, ஆரஞ்சுப் பந்து என்று கலர் கலராகப் போட்டுப் பார்த்தார்கள். தீபாவளி ஜவுளிக் கடை மாதிரி.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. இது பலருக்குத் தெரியாது. 1997 ஏப்ரலில் ரஞ்சிக் கோப்பையின் இறுதி ஆட்டம், மும்பைக்கும் டெல்லிக்கும், குவாலியரில். ஐந்து நாள் ஆட்டம், விளக்கு வெளிச்சத்தில், வெள்ளைப் பந்தில்! மும்பை கோப்பையை எடுத்துக்கொண்டது. மற்றபடி அந்த ஏற்பாடு அந்த வருஷத்தோடு சரி. மறுபடியும் பகலுக்கே திரும்பிவிட்டார்கள்.

அப்புறம் வந்தது பிங்க் பந்து. தமிழில் இளஞ்சிவப்பு என்று சொல்லலாம். எங்க வீட்டில் ரோஸ் கலர். 2012இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அனுமதி கொடுத்தது. 2015 நவம்பர் 27, அடிலெய்டு, ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும். உலகத்தின் முதல் பகலிரவு டெஸ்ட். வந்த கூட்டம் மூன்று நாளில் 1,23,736 பேர். எதிரணி நண்பர் இந்தக் கணக்கைத்தான் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார். ஐயா, அந்த எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க, அதுக்கு முன்னாடி நான் சொன்ன ரெண்டு வார்த்தையைப் பாருங்க. "மூன்று நாளில்." ஐந்து நாள் ஆட்டம் மூன்றே நாளில் முடிந்தது. நாலாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் ஆட்டமே மிச்சமில்லை.

ஏன் முடிஞ்சுது? சிவப்புப் பந்தின் தோல் சாயத்தில் ஊறுவது. ரோஸ் பந்துக்கு மேல் பூச்சு அதிகம், இல்லாவிட்டால் நிறம் நிற்காது. அந்தப் பூச்சு சீக்கிரம் போகக் கூடாது என்று அடிலெய்டில் பிட்சில் புல்லைக் கூடுதலாக விட்டார்கள். பந்து பளபளப்பு மாறாமல் இருக்கும், காற்றில் வளையும், புல்லில் பட்டு எகிறும். அதிலும் அந்த அந்தி நேரம் இருக்கே! நம் வீட்டுப் பெரியவர்கள் விளக்கு வைக்கிற நேரத்தில் தலை வாராதே, வாசலில் படுக்காதே என்பார்கள். இப்போது "பேட்டும் பிடிக்காதே" என்று சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். (சிரிப்பு) சூரியன் முழுசாப் போகலை, விளக்கு முழுசா வேலை செய்யலை. அந்த முக்கால் மணி நேரத்தில் பேட் பிடித்தவன் பாவம். டாஸில் ஜெயித்ததும் தோற்றதும் ஒரு பக்கம் இருக்கட்டும், யாருக்கு அந்த அந்தி வாய்க்கிறது என்பதிலேயே பாதி ஆட்டம் தீர்ந்துவிடுகிறது.

சரி, நம் கதைக்கு வருவோம். 2019 நவம்பர் 22, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். கங்குலி வாரியத் தலைவராக வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனாவும் முதல்வர் மம்தா பானர்ஜியும் சேர்ந்து மணி அடித்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். ஊரே ரோஸ் விளக்கு. அங்கே சீக்கிரம் இருட்டும், பனியும் இறங்கும் என்று மத்தியானம் 1 மணிக்கே ஆரம்பித்தார்கள். வங்கதேசம் 106க்குச் சுருண்டது. கோலி 136 அடித்தார். மூன்றாம் நாள் ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்தது. நாம் ஜெயித்தோம், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் விழுந்த வங்கதேச விக்கெட்டில் ஒன்றுகூட நம் சுழற்பந்துக்கு இல்லை. நம் சென்னைப் பிள்ளை அஷ்வின் அந்த அணியில் இருந்தார். வந்தார், சில ஓவர் போட்டார், போனார். கல்யாணத்துக்கு நாதஸ்வர வித்வானைக் கூப்பிட்டு, ஒரு ஓரமா உட்கார வைத்து, பேண்டு வாத்தியம் வாசித்து அனுப்பின மாதிரி! (கைதட்டல்)

உடனே எதிரணித் தலைவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். "அகமதாபாத்தை மறந்துட்டீரா?" என்று. மறக்கலை ஐயா, உட்காருங்க. 2021 பிப்ரவரி, அகமதாபாத், இங்கிலாந்து. விழுந்த 30 விக்கெட்டில் 28 சுழற்பந்துக்கு. அக்ஷர் பட்டேல் மட்டும் 11. அஷ்வினுக்கு அந்த ஆட்டத்தில்தான் 400ஆவது விக்கெட். எப்போதாவது பந்து போடும் ஜோ ரூட்டுக்கே 8 ரன்னுக்கு 5 விக்கெட்! ஆட்டம் எத்தனை நாள்? ரெண்டு நாள். ஒரு ஊரில் சுழற்பந்துக்காரனுக்கு வேலையில்லை, இன்னொரு ஊரில் வேகப்பந்துக்காரனுக்கு வேலையில்லை. பூச்சுப் போட்ட பந்து பட்டதும் வழுக்கிக்கொண்டு வருது. திரும்பும் என்று ஆடினால் நேரே வந்து காலில் அடிக்குது.

2020 டிசம்பரில் அடிலெய்டில் நாம் 36 ரன்னுக்கு அவுட் ஆனதை நான் சொல்லாமல் விட்டால் நீங்கள் சொல்வீர்கள். நம் டெஸ்ட் வரலாற்றில் அதைவிடக் குறைந்த ஸ்கோர் கிடையாது. ஒருத்தரும் ரெண்டு இலக்கத்தைத் தொடவில்லை. "அது பகல் வெளிச்சத்தில்தானே நடந்தது, விளக்கைக் குறை சொல்லாதீங்க" என்று தங்கை கேட்டாங்க. சபாஷ், நல்ல கேள்வி. விளக்கை நான் குறை சொல்லவில்லை. அந்த வெளிச்சத்துக்காகச் செய்த பந்தும், அந்தப் பந்துக்காக வளர்த்த புல்லும் பகலிலும் அங்கேதானே இருக்கு? 2025 ஜூலையில் கிங்ஸ்டனில் மேற்கிந்தியத் தீவுகள் 27க்கு அவுட். ஸ்டார்க் 15 பந்தில் 5 விக்கெட். அதுவும் பிங்க் பந்துதான்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் மறுபக்கமும் உண்டு. 2016இல் துபாயில் பாகிஸ்தானின் அசார் அலி பிங்க் பந்தில் 302 அடித்தார், பிஷூ என்ற லெக் ஸ்பின்னர் ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் எடுத்தார், ஆட்டம் ஐந்தாம் நாள் வரை போனது. பார்க்கத்தான் ஆள் குறைவு! 2024 ஜனவரியில் பிரிஸ்பேனில் ஷமார் ஜோசப் என்ற புதுப் பையன், கால் விரலில் அடிபட்டு, அந்த வலியோடு 7 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை 8 ரன்னில் தோற்கடித்தான். நானே வீட்டில் எழுந்து நின்று கை தட்டினேன். அது அந்தப் பையனின் நெஞ்சுரம். ரோஸ் கலருக்கு அதில் பங்கு கேட்டால் கொடுக்க மாட்டேன்.

நம்ம பக்கத்திலேயே இது நடந்திருக்கு, தெரியுமா? 2018 துலீப் கோப்பை, ஆகஸ்ட், செப்டம்பரில். எல்லா ஆட்டமும் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில். பகலிரவு, பிங்க் பந்து. துவரங்குறிச்சி தாண்டினால் நத்தம். இந்த அரங்கத்தில் அதைப் போய்ப் பார்த்தவர்கள் கை தூக்குங்க பார்ப்போம்... ஒண்ணு... ரெண்டு. ரெண்டாவது கை வேர்வை துடைக்கத் தூக்கினது. (சிரிப்பு) விளக்குப் போட்டால் கூட்டம் தானா வரும் என்கிறார்களே!

கூட்டத்துக்கு என்ன வழி என்பதுதானே உண்மையான கேள்வி? அதற்கு மெட்ராஸ்காரன் எப்பவோ வழி கண்டுபிடிச்சுட்டான். பொங்கல் டெஸ்ட்! தை மாசம், பிள்ளைகளுக்கு லீவு, வெயில் இதம். இங்கே ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்தால் எழும்பூர். புளியோதரைப் பொட்டலத்தோடு சேப்பாக்கம். 1975 பொங்கல் சமயத்தில் விஸ்வநாத் 97 ரன், அவுட் இல்லாமல், ஆண்டி ராபர்ட்ஸை எதிர்த்து. 1988 பொங்கலில் ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட். போக முடியாதவர்களுக்கு ரேடியோவில் தமிழ் வர்ணனை இருந்தது. கூத்தபிரான், இராமமூர்த்தி, அப்துல் ஜப்பார் என்று அந்தக் குரல்கள்! எங்க தெருவில் டீக்கடை வாசலில் நின்று கேட்டவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள், தலையாட்டுவதைப் பார்க்கிறேன்.

வெயில் கொடுமை என்று டீன் ஜோன்ஸைச் சொன்னார்கள். உண்மை. 1986இல் சேப்பாக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார், பிறகு ஆஸ்பத்திரி. அது செப்டம்பர் மாசம் ஐயா! புரட்டாசி வெயிலில் ஆடவிட்டது யார் தப்பு? அதே ஆட்டம்தான் ஐந்தாம் நாள் மாலை, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில், மணிந்தர் சிங் எல்.பி. ஆகி 'டை' ஆனது. நாலு நாள் பார்த்துவிட்டு, "இது டிராதான்" என்று கிளம்பிப் போனவன் இன்னைக்கும் வருத்தப்படுறான். 1999இல் பாகிஸ்தானோடு டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 அடித்தும் நாம் 12 ரன்னில் தோற்றது நாலாம் நாள். ஜெயித்தவர்களுக்குச் சேப்பாக்கமே எழுந்து நின்று கை தட்டியது. அந்த நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் எங்கே போச்சு என்றுதான் நான் கேட்கிறேன். இந்தியாவில் ஆண்கள் ஆடிய மூன்று பகலிரவு டெஸ்ட், கொல்கத்தா, அகமதாபாத், 2022இல் பெங்களூரு, ஒன்றுகூட நாலாம் நாளைப் பார்க்கவில்லை. வாரியச் செயலராக இருந்த ஜெய் ஷாவே 2023இல், ரெண்டு மூணு நாளில் முடிந்துவிடுகிறது, ஜனங்கள் நாலைந்து நாள் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டார்.

சேப்பாக்கத்தில் இதுவரை பகலிரவு டெஸ்ட் நடக்கவில்லை. கொண்டு வாங்க என்று எதிரணி இங்கே தீர்மானமே போட்டுட்டாங்க. தை மாசத்துப் பனியில் ராத்திரி எட்டு மணிக்குக் கையில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு எந்த சுழற்பந்துக்காரன் பந்தைப் பிடிப்பான்? அதுக்குப் பதிலா, பொங்கலுக்குச் சேப்பாக்கத்தில் ஒரு டெஸ்ட் கொடுங்க. காலை ஒன்பதரைக்கு ஆரம்பிங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டிக்கெட்டை மலிவாக்கி, குடிக்கத் தண்ணியும் தலைக்கு மேலே நிழலும்...

மணி அடிச்சுட்டீங்களா, நடுவர் அவர்களே? கொல்கத்தாவிலே மணி அடிச்சு ஆட்டத்தை ஆரம்பிச்சாங்க, நீங்க மணி அடிச்சு என்னை முடிக்கிறீங்க. இன்னும் ரெண்டு நாள் ஆட்டம் என்கிட்டே பாக்கி இருக்கு. (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)